1944 ஆகஸ்ட் 23 அன்று அவர் எங்கே இருந்தார்? ஜெர்மன் ராணுவச் சம்பளப் புத்தகத்தைப் படிக்கும் விதம்

[திரையில்: பழுப்பேறிய சிறு புத்தகம், அட்டையில் கழுகுச் சின்னம்]

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படை வீரர்கள் எங்கே போனாலும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டிய புத்தகம் இது. பெயர் ஸோல்ட்புக். சம்பளப் புத்தகம்தான், ஆனால் அடையாள அட்டையும் இதுவே. மொத்தம் 24 பக்கம். அதற்குள் தடுப்பூசி, காலணி அளவு, பல் சிகிச்சை, காயம், விடுப்பு எல்லாம் ஏறிவிடும்.

தாத்தா போரில் எங்கே இருந்தார் என்று தேடும் ஜெர்மன் குடும்பங்கள் பலவற்றுக்குக் கையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரின் மேல் குண்டுகள் விழுந்தபோது அங்கிருந்த ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்து, தரைப்படையின் ஏராளமான கோப்புகள் அழிந்துபோயின.

இந்த வீடியோவில் ஒரு வேவுப் படைவீரரின் புத்தகத்தைப் பார்க்கப் போகிறோம். எடுத்துக்கொண்ட பிரிவு, 26-ஆம் டாங்கி டிவிஷனின் வேவுப் பட்டாலியன். குறிப்பிட்ட ஒரு ஆளைப் பற்றி நான் பேசவில்லை. அந்தப் பிரிவில் இருந்த ஒருவரின் புத்தகத்தில் என்ன இருக்கும், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

[திரையில்: முதல் பக்கம், மை மங்கிய கையெழுத்து]

முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, விஷவாயு முகமூடி அளவு, கழுத்தில் தொங்கிய அடையாளத் தகட்டின் வாசகம். இந்தத் தகட்டு வாசகத்தை அப்படியே, ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டைக் கொடுத்த பிரிவு எது என்பது அதில்தான் இருக்கிறது. காப்பகத்தில் தேடவும் அது உதவும். பதவி உயர்வுகள் தேதியோடு கீழே இருக்கும். எழுத்தைப் படிப்பதுதான் கஷ்டம். பழைய ஜெர்மன் கையெழுத்து முறையைப் பள்ளிகளில் 1941-இல் நிறுத்தினார்கள். ஆனால் அதிலேயே எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்புறம் நான்காம் பக்கம். அவசரப்படாமல் உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்கம் இது. அவரை அனுப்பிய பயிற்சிப் பிரிவு, போர்முனைப் பிரிவு, பொறுப்பில் இருந்த உள்நாட்டுப் பிரிவு என்று மூன்று பகுதி. புதிய பிரிவு வந்தால் பழையதை அடித்துவிட்டுக் கீழே எழுதுவார்கள். அடித்த வரியைத்தான் நாம் முதலில் படிக்க வேண்டும்.

இங்கே பலர் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 1942-இல் 'மோட்டார் சைக்கிள் பட்டாலியன் 26', 1943-இல் 'டாங்கி வேவுப் பட்டாலியன் 26' என்று இருந்தால், ஆள் இடம் மாறியதாகத் தோன்றும். மாறியது பிரிவின் பெயர்தான். அந்த ஆண்டு டாங்கி டிவிஷன்களின் மோட்டார் சைக்கிள் பட்டாலியன்கள் வேவுப் பட்டாலியன்களாகப் பெயர் மாற்றப்பட்டன. டிவிஷனுக்கும் ஒரு முன்கதை உண்டு. மாஸ்கோவுக்கு முன்னால் 1941 குளிர்காலத்தில் சிதைந்துபோன 23-ஆம் காலாட்படை டிவிஷனிலிருந்து, 1942-இல் 26-ஆம் டாங்கி டிவிஷன் உருவானது. 1943-இல் இத்தாலிக்குப் போனது.

நம்மவர் அந்தப் பழைய டிவிஷனிலிருந்தே வந்தவரா, அல்லது புதிதாகச் சேர்ந்தவரா? விருதுப் பக்கத்துக்குப் போங்கள். 1941 நவம்பர் 15 முதல் 1942 ஏப்ரல் 15 வரையிலான கிழக்கு முனைக் குளிர்காலப் போருக்கு ஒரு பதக்கம் உண்டு. அது பதிவாகியிருந்தால் அவர் அந்தக் குளிரில் ரஷ்யாவில் இருந்தவர். வெண்கல டாங்கிப் போர்ச் சின்னம் இருந்தால், மூன்று வெவ்வேறு நாட்களில் சண்டையில் இருந்தவர். காயச் சின்னம் கருப்பு என்றால் ஒன்று அல்லது இரண்டு காயம். வெள்ளி என்றால் மூன்று அல்லது நான்கு.

[திரையில்: ஐந்து இலக்க எண் கொண்ட வட்ட முத்திரை]

முத்திரைகளில் பல இடங்களில் பிரிவின் பெயர் இருக்காது, ஐந்து இலக்கத் தபால் எண் மட்டும் இருக்கும். எதிரி கையில் தபால் சிக்கினாலும் பிரிவு தெரியக் கூடாது என்பதற்காக வந்த எண் அது. இன்று அதற்குப் பட்டியல் கிடைக்கிறது. ஆனால் ஒரே எண் பிற்காலத்தில் வேறு பிரிவுக்குப் போயிருக்கலாம், அதனால் முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, இப்போது இந்த வீடியோவை நான் எடுத்ததற்கான காரணம்.

1944 ஆகஸ்ட் 23. இத்தாலியின் டஸ்கனியில் ஃபுசெக்கியோ சதுப்புநிலம். போருக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் அங்கே பண்ணை வீடுகளிலும் குடிசைகளிலும் தங்கியிருந்தார்கள். கெரில்லாக்களை ஒழிக்கிறோம் என்று சொல்லி 26-ஆம் டாங்கி டிவிஷனின் படையினர் உள்ளே புகுந்து, 170-க்கும் அதிகமான பொதுமக்களைக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் இருந்தார்கள். இதில் முன்னால் நின்றது அந்த டிவிஷனின் வேவுப் பட்டாலியன்.

சம்பளப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இருப்பது காலுறை எத்தனை ஜோடி, டைஃபாய்டு ஊசி எப்போது என்பதுதான். அதனால்தான் இதை வைத்துக்கொண்டு "தாத்தா வெறும் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்" என்று முடித்துவிடுவது எனக்கு ஏற்பில்லை. அதே நேரம், பிரிவின் பெயரைப் பார்த்தவுடன் அவரைக் கொலைகாரர் என்று சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில்தான் யாரும் கவனிக்காத பக்கங்கள் முக்கியமாகின்றன. மருத்துவமனைப் பக்கத்தில் சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் இருக்கும். விடுப்புப் பக்கத்தில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று இருக்கும். வேறு பிரிவின் அலுவலகத்தில் பணம் வாங்கியிருந்தால் அந்த முத்திரையும் பின்பக்கங்களில் இருக்கும். ஆகஸ்ட் 23 இவற்றில் ஏதாவது ஒரு இடைவெளிக்குள் விழுகிறதா? ஜூலையில் காயப்பட்டு ஜெர்மனியிலேயே ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தாரா? எந்தப் பதிவும் இல்லையென்றால், அவர் அன்று பிரிவோடு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர் எந்த கம்பெனி என்று நான்காம் பக்கத்தில் பார்த்து, அந்த கம்பெனி அன்று எங்கே நின்றது என்று அடுத்துத் தேட வேண்டும்.

அதற்கு டிவிஷனின் போர் நாட்குறிப்புகளைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரின் ராணுவக் காப்பகத்தில் இத்தகைய ஆவணங்கள் இருக்கின்றன. போருக்குப் பின் அமெரிக்கர்கள் கைப்பற்றியவற்றின் மைக்ரோஃபிலிம், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தனி ஆளின் காயம், சிறைப்பிடிப்பு, தகட்டுப் பட்டியல் பற்றிக் கேட்க வேண்டுமானால் பெர்லினில் இருந்த பழைய ராணுவத் தகவல் அலுவலகத்தின் அட்டைகள். 2019 முதல் அது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது. விண்ணப்பத்தில் முழுப் பெயர், பிறந்த தேதி, முதல் பக்கத்துத் தகட்டு வாசகம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.