தேர்தலுக்கு ஒப்படைக்கிற துப்பாக்கி

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று ராத்திரிச் செய்தியில் வந்தால், நம்ம மாவட்டத்தில் பல வீடுகளில் உடனே போனைத் தேடுவார்கள். மகள் அங்கே நர்ஸ், மருமகனுக்கு ஐ.டி. வேலை, பேரப்பிள்ளை ஒன்றாம் வகுப்பு. "உங்க ஊராம்மா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகு, "அந்த நாட்டைத் திருத்தவே முடியாது" என்று பேச்சு முடியும். அப்படிக் கைகழுவ வேண்டியதில்லை. எது பலன் தருகிறது என்று ஓரளவு தெரிந்துதான் இருக்கிறது. அதில் ஒன்றை ஒவ்வொரு தேர்தலுக்கும் நாமே செய்கிறோம்.

தேர்தல் தேதி அறிவித்தவுடன், உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் காவல் நிலையத்திலிருந்து தகவல் வரும். வங்கிக் காவலர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வருவார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் திருப்பி எடுப்பார்கள். கொடுத்தவரை யாரும் ரவுடி என்று நினைப்பதில்லை. ஊர் சூடாக இருக்கும் நாட்களில் துப்பாக்கி கையெட்டும் இடத்தில் வேண்டாம், அவ்வளவுதான். ஊருக்கு வருகிற சூடு ஒரு வீட்டுக்கும் வரும். சொத்துப் பிரிவினை, கடன், குடி, விவாகரத்து வழக்கு, பரீட்சையில் தோற்ற பையன், மனைவி இறந்தபின் பேச்சையே நிறுத்திவிட்ட பெரியவர். அந்த வாரங்களிலும் துப்பாக்கி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

உலகத்தில் பலன் தந்த முறைகளைப் பார்த்தால், பெரும்பாலானவை கோபத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவே நேரத்தை நுழைத்தவை. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டே நாளில் அந்த நாட்டு அரசுகள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களுக்குத் தடை விதித்து, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தார்கள். எல்லோரும் பேசுவது அந்த அழிப்பைத்தான். அதே உடன்பாட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு: வாங்குகிறவர் 28 நாள் காத்திருக்க வேண்டும், தற்காப்பு என்பதைக் காரணமாகக் காட்ட முடியாது. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான விதி. மத்திய அரசின் சரிபார்ப்பு 3 வேலைநாளில் முடியாவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியை விற்றுவிடலாம். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் அந்த வழியில்தான் வாங்கியிருந்தான்.

இஸ்ரேல் ராணுவம் 2006-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த வயதுச் சிப்பாய்களிடையே தற்கொலை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு வார இறுதியில்தான், வார நாட்களில் தற்கொலை கூடவும் இல்லை. தற்கொலையை இங்கே ஏன் இழுக்கிறேன் என்றால், அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. ஆனால் எந்த வழியிலாவது முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் போதும்.

இனி நம்ம வீடுகளுக்கு வருவோம். இங்கே பெரும்பாலும் பழைய 12 போர் (போர் என்பது குழலின் உள் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி. வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினரிடம் இருக்கும், இல்லையென்றால் ரப்பர் எஸ்டேட் குடும்பங்களில் தாத்தா காலத்திலிருந்து வந்திருக்கும். பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பதாகச் சொல்வார்கள். பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால் தொங்கும். பத்து வயதுப் பையன்வரை அந்த வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். இதைப் பூட்டு என்று சொல்ல முடியாது.

முறையாக வைப்பது எப்படி? முதலில் குழலின் வாயை வெளி மண்ணைப் பார்த்துப் பிடியுங்கள். சிமெண்ட் தரையில் பட்டால் குண்டு தெறிக்கும். கூரையைப் பார்த்துப் பிடித்தால் மாடியில் ஆள் இருக்கும். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மேல் நெம்பைத் தள்ளி, குழலை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்த பிறகு ஒவ்வொரு குழலின் வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நம்ம ஊரில் இது வெறும் சடங்கு இல்லை. ஆறு மாதம் மூலையில் கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடைத்த குழலில் சுட்டால், சுட்டவர் முகத்துக்கு நேராகக் குழல் வெடிக்கும்.

அடுத்து முன்கட்டையைக் கழற்றினால் குழலும் பின்கட்டையும் தனித்தனியாக வந்துவிடும். பின்கட்டையை ஒரு பூட்டில் வையுங்கள், குழலை இன்னொரு பூட்டில். தோட்டாக்களுக்கு மூன்றாவதாக ஒரு இரும்புப் பெட்டி, அது வேறு அறையில், சுவரோடு போல்ட் போட்டு இருக்கட்டும். சாவிகள் உரிமம் உள்ளவரிடம் மட்டும். தோட்டா போட்ட துப்பாக்கியில் ட்ரிகர் பூட்டு மாட்டவே கூடாது, மாட்டும்போதே வெடித்துவிடலாம். தோல் உறையில் போட்டு வைக்கிற வழக்கமும் தப்பு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடல் காற்றுக்கு ஒரு மழைக்காலத்திலேயே குழல் துருவேறிவிடும். பழைய காகிதத் தோட்டா ஈரத்தில் ஊதிக் குழலில் சிக்கும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். வாயை மண்ணைப் பார்த்தே பிடித்து அரை நிமிடமாவது பொறுங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

இப்படிப் பிரித்து வைத்தால் திருடன் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். திருடனுக்கு நாய் போதும், கேமரா போதும், 100-க்கு ஒரு அழைப்பு போதும். கட்டிலடியில் தோட்டாவோடு கிடக்கும் துப்பாக்கி திருடனைச் சந்திப்பதைவிட வீட்டுப் பிள்ளையைச் சந்திக்கத்தான் வாய்ப்பு அதிகம். அமெரிக்க அதிபருக்குக் காவல் தரும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பு, 2008-இலிருந்து 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் காட்டுகிறது. துப்பாக்கி எடுத்து வந்த மாணவர்களில் நான்கில் மூன்று பேர் அதைப் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்திருந்தார்கள். 2021-இல் மிச்சிகனில் 4 மாணவர்களைக் கொன்ற பையனின் தாயும் தந்தையும் 2024-இல் தண்டனை பெற்றதற்குப் பூட்டாத துப்பாக்கியும் ஒரு காரணம்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். நாய் இருக்கிறதா, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதோடு சேர்த்தே கேட்டுவிடலாம். அங்கே இது தவறான கேள்வி ஆகாது. நமக்குத்தான் வாய் கூசும்.

சரி, வீட்டுக்காரர் இறந்துவிட்டால்? இங்கேதான் அதிகம் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் போன நாளிலிருந்து துப்பாக்கி உரிமமில்லாத கையில் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 1959-இன் 21-ஆவது பிரிவுப்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பதினாறாம் நாள் அடியந்திரம் முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நீங்களே ஆட்டோவில் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். ரசீதில் தயாரிப்பு, எண், போர் அளவு, தோட்டா எண்ணிக்கை நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். வாரிசுக்கு வேண்டுமென்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளின்படி உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்துவிட்டாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கேட்கவும் வழி உண்டு. மாற்ற வேண்டுமா என்பது வேறு கேள்வி. யாருக்கும் உண்மையில் தேவையில்லாத துப்பாக்கியை வீட்டுப் பெருமைக்காகப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி அந்தக் கெட்ட வாரங்கள். உரிமம் உள்ளவரே சம்மதித்தால் வேலை சுலபம். பாதுகாப்புக்கு வைக்க உரிமம் உள்ள கடையில் துப்பாக்கியை விட்டுவிடலாம். வெளிநாடு போகிறவர்கள் செய்வதுதான். காவல் நிலையத்திலும் எழுத்தில் கேட்கலாம். "உங்க மேல சந்தேகம் இல்ல மாமா, வீட்டுல பையன் சரியில்ல, ரெண்டு மாசம் வெளியே இருக்கட்டும்" என்று மருமகன் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். "நீங்க சரியில்ல" என்று தொடங்கினால் அன்றோடு பேச்சு முறிந்துவிடும்.

சம்மதிக்காவிட்டால் மாவட்ட ஆட்சியருக்கு மனு. திங்கள்கிழமைக் குறைதீர் நாளிலேயே கொடுக்கலாம். நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். ஆயுதச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உரிமதாரர் தகுதியற்ற நிலைக்கு வந்துவிட்டாலோ பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவைப்பட்டாலோ உரிமத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் இதே வேலைக்கென்று 1999-இல் தனிச் சட்டமே போட்டது; முந்தின ஆண்டு அங்கே லாட்டரி அலுவலகத்தில் ஒரு ஊழியர் சக ஊழியர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார். நம்மிடம் பிரிவு இருக்கிறது, பயன்படுத்துகிறவர்தான் குறைவு. மனுவில் "அவர் குணம் சரியில்லை" என்று எழுதினால் கோப்பு அப்படியே கிடக்கும். உரிம எண், ஆயுத வகை, என்ன சொன்னார், எந்தத் தேதியில், யார் கேட்டார்கள், மருத்துவம் நடந்தால் அதன் சீட்டு எல்லாம் வேண்டும். உடனடி ஆபத்து என்றால் மனுவெல்லாம் பிறகு. 100 அல்லது 112-ஐ அழையுங்கள். மனச்சோர்வுக்கு 14416, 104 எண்களில் தமிழிலேயே பேசலாம்.

செய்யக் கூடாத இரண்டு உண்டு. பக்கத்து வீட்டு மச்சில் ஒளித்து வைப்பது ஒன்று. அப்படி வைத்தால் அந்தப் பாவப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்தவர் ஆகிவிடுவார்; ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு. இன்னொன்று குளத்தில் வீசுவது. காணாமல் போன துப்பாக்கிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் உரிமதாரர். கோடையில் குளம் வற்றும்போது யார் கையில் அது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மனநோயாளிகள்தான் இப்படித் துப்பாக்கிச் சூடு நடத்துகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது தப்பு. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர் யாரையும் தாக்குவதில்லை. கவனிக்க வேண்டியது பேச்சும் தயாரிப்பும். குறிப்பிட்ட ஆளைச் சொல்லி மிரட்டுவது, முன்பு நடந்த கொலையாளிகளைப் புகழ்வது, திடீரென்று ஆயுதம் தேடுவது, பொருட்களைப் பிரித்துக் கொடுப்பது. பள்ளித் தாக்குதல்களில் பெரும்பாலும் யாராவது ஒரு நண்பனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவன் சொல்லாததற்குக் காரணம், காட்டிக்கொடுத்தவன் என்ற பெயருக்குப் பயம். ஆசிரியர்கள் பெயர் வெளியே விடாமல் கேட்டுக்கொண்டால் பிள்ளைகள் சொல்வார்கள். சம்பவ வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். 2019-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையில் காட்டியதே பரவட்டும் என்றுதான். அந்த நாட்டின் அப்போதைய பிரதமர் அவன் பெயரைச் சொல்லவே மறுத்தார்.

இதெல்லாம் உரிமத் துப்பாக்கிக்கு. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டவர்கள் எந்த ஆட்சியரிடமும் உரிமம் கேட்டுப் போனவர்கள் இல்லை. அந்தத் துப்பாக்கியைப் பின்பு எர்ணாகுளத்தில் ஒரு ஓடையில் எடுத்தார்கள். கள்ளத் துப்பாக்கிக்கு வேறு வேலை: பிடித்த ஒவ்வொன்றையும் அது செய்யப்பட்ட பட்டறைவரை, விற்ற ஆள்வரை பின்தொடர வேண்டும். வைத்திருந்தவரோடு வழக்கை முடித்தால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும்.

மலையோரத்தில் மரச்சீனி விளையைப் பன்றியிடமிருந்து காக்க என்று சிலர் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதும் கள்ளத் துப்பாக்கிதான். வெடிமருந்து கெட்டித்து ஏற்ற நேரமாகும் என்பதால் அதை எப்போதும் ஏற்றியே சாய்ப்பில் சாத்தி வைப்பார்கள், ஆபத்து அங்கேதான். பன்றிக்கு இப்போது அரசு முறை இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவது, 3-க்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடுவது. விவசாயி செய்ய வேண்டியது சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுப்பது.

ஒப்படைத்த உரிமத் துப்பாக்கியைத் திரும்ப எடுக்கும் நாளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எடுக்கலாமா என்பதை உரிமதாரர் மட்டும் முடிவு செய்யாமல், வீட்டில் இன்னொருவரும் சிகிச்சை பார்த்த மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நிலையத்தில் ரசீதையும் குழலில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு, தோட்டாவை எண்ணி, குழல் வழியாக வெளிச்சம் பார்த்து வாங்குங்கள். உரிமத்தின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். இப்போது 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பதால் பலருக்கு அது மறந்துவிடுகிறது.

வணக்கம்.