ஒரே பெயர், வேறு வேறு செடி: அரிய கஞ்சா ரகம் என்று உண்மையில் எதை வாங்குகிறார்கள்?

[திரையில்: ஒரே பெயர் ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிக் குப்பிகள்]

இந்த இரண்டு குப்பிகளிலும் ஒரே ரகப் பெயர்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் பூக்கள் ஒரே வம்சத்தில் வந்தவையாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் வடக்கு கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சட்டப்படி இயங்கும் கடைகளிலிருந்து 30 ரகப் பெயர்களில் 122 மாதிரிகளைத் திரட்டி, அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான பெயர்களில் குறைந்தது ஒரு மாதிரியாவது தன் பெயர்க்காரர்களோடு ஒட்டவே இல்லை. அப்படியானால் "அரிய ரகம்", "உயர்தர ரகம்" என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் விதையில் அரியது எது என்பதுதான் இந்தக் காணொளியின் கேள்வி.

தொடங்குவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உருகுவே 2013இல் வீட்டுக்கு 6 செடிகளுக்கு வழிவிட்டது. கனடா 2018இல் வீட்டுக்கு 4 செடிகளை அனுமதித்தது, ஆனால் சில மாகாணங்கள் அதை ஏற்கவில்லை. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவர் 3 செடிகள் வரை வைத்துக்கொள்ளலாம். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட பல நாடுகளில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் அது கடுமையான குற்றம். "தொட்டியில் தானாக முளைத்துவிட்டது ஐயா" என்ற விளக்கத்தை எந்தக் காவல் நிலையமும் ரசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் அனுமதி உள்ள இடத்தில் வாழும் வயது வந்தவர்களுக்கும், செடியின் அறிவியலை அறிய விரும்புபவர்களுக்கும் மட்டுமே.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்: 1753இல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார், 1785இல் இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து லமார்க் இண்டிகா என்ற இரண்டாவது இனத்தைச் சேர்த்தார், 1924இல் ரஷ்யாவிலிருந்து ரூடெராலிஸ் என்ற மூன்றாவது இனம் வந்தது, 1964இல் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் போதைக்குக் காரணமான டிஎச்சியைப் பிரித்தெடுத்தார்கள். இண்டிகா என்றால் தூக்கம், சட்டைவா என்றால் உற்சாகம் என்று அட்டையில் அச்சிடும் வழக்கத்திற்கும் அந்தப் பழைய தாவரவியலுக்கும் இன்று பெரிய தொடர்பு எதுவும் மிச்சமில்லை. ஏனென்றால் 1970களில் கலிஃபோர்னியாவில் ஆப்கானிஸ்தான், மெக்சிகோ, கொலம்பியா வம்சங்களைக் கலந்து ஸ்கங்க் என்ற ரகத்தை உருவாக்கிய காலத்திலிருந்து எல்லாமே எல்லாவற்றோடும் கலந்துவிட்டது.

இனிதான் விஷயத்திற்கு வருகிறோம். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு; பிசின் நிறைந்த பூ பெண் செடியில்தான் வருகிறது; மகரந்தத்தைக் காற்று சுமந்து செல்கிறது. ஒரு தாய்க்கும் ஒரு தந்தைக்கும் பிறந்த பத்துப் பிள்ளைகள் பத்து விதமாக இருப்பதைப் போலவே, ஒரே பொட்டலத்தில் வந்த பத்து விதைகளும் பத்து விதமாக வளரும்: ஒன்று நெட்டையாகப் போகும், ஒன்று முன்னதாகப் பூக்கும், ஒன்றில் மட்டும் ஊரைக் கூட்டும் வாசனை இருக்கும். அந்த ஒன்றைத்தான் வளர்ப்பவர்கள் தேடுகிறார்கள். அது கிடைத்தவுடன் அதிலிருந்து ஒரு கிளையை ஒடித்து நட்டு, அந்தப் போத்து வேர்விட்டதும் அதிலிருந்து அடுத்த போத்து என்று, வாழையடி வாழையாக அதே செடியை உயிரோடு வைத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற பல ரகங்கள் உண்மையில் ரகங்களே அல்ல. யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கண்டெடுத்த ஒரே ஒரு பெண் செடியின் துண்டுகள். அந்தப் பெயரைப் போட்டு யாராவது விதை விற்றால், அது அந்தச் செடியின் பிள்ளையாக இருக்கலாம், பேரனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருக்கலாம்.

[திரையில்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போத்துகள், ஒன்றின் இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி நிற்கின்றன]

அப்படியானால் போத்தாகவே வாங்கிவிடலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அங்கே வேறொரு விருந்தாளி காத்திருக்கிறது. பீருக்குக் கசப்புத் தரும் ஹாப் செடியில் 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட ஹாப் லேட்டன்ட் வைராய்டு, 2019இல் கலிஃபோர்னியாவின் கஞ்சாச் செடிகளிலும் இருப்பது உறுதியானது. இது வைரஸ்கூட இல்லை. புரத உறை கிடையாது, ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்புகூட இதனிடம் கிடையாது. 256 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ வளையம், அவ்வளவுதான். கொரோனா வைரஸுக்குக்கூட ஏறத்தாழ 30,000 எழுத்துகள் தேவைப்பட்டன என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கஞ்சப் பிரபு எவ்வளவு சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறது என்பது புரியும். தொற்றிய செடி பல மாதங்கள் நோயின் சாடையே காட்டாமல் நிற்கும், பிறகு குட்டையாகும், பூவில் பிசின் குறையும், வாசனை மங்கும். "இந்த ரகம் முன்பு போல இல்லை, வீரியம் போய்விட்டது" என்று வளர்ப்பவர்கள் பல காலம் புலம்பியதில் ஒரு பகுதியாவது இந்த வளையத்தின் வேலையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு செடியை வெட்டிய கத்தரிக்கோலைத் துடைக்காமல் அடுத்த செடியில் வைத்தாலே அது பரவிவிடும். எனவே போத்து தருபவரிடம் ரகத்தின் வரலாற்றைக் கேட்பதைவிட, வைராய்டு சோதனை செய்த ஆய்வக அறிக்கை இருக்கிறதா என்று கேட்பதே புத்திசாலித்தனம். புதிதாக வந்த போத்தைச் சில வாரங்கள் தனி அறையில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

டிஎச்சி சதவீதத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு சொல்: கொலராடோவில் 10 கடைகளிலிருந்து 23 மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2023இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காடு மாதிரிகளில் அட்டை சொன்ன அளவைவிட டிஎச்சி கணிசமாகக் குறைவாக இருந்தது. அந்த எண்ணைத் துரத்துவதில் எனக்கு மரியாதை இல்லை.

என்னைக் கேட்டால், அரிய ரகத்தில் அரியது வாசனைதான். இந்தப் பகுதி சற்று நீளும். தயவுசெய்து தாவிச் செல்லாதீர்கள், இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் காணொளியையே எடுத்தேன். நெடுங்காலமாகக் கஞ்சாவின் மணத்தை டெர்பீன்கள் என்னும் தாவர நறுமணப் பொருள்களை வைத்தே விளக்கினார்கள்: எலுமிச்சைத் தோலின் லிமொனீன், பைன் மரத்தின் பைனீன், லாவெண்டரின் லினலூல், மிளகின் காரியோஃபிலீன். எல்லாம் சரி, ஆனால் இவற்றை எப்படிக் கலந்தாலும் அந்த மூக்கைத் துளைக்கும் ஸ்கங்க் நாற்றம் மட்டும் வரவில்லை. அதற்கான காரணத்தை கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2021இல்தான் வெளியிட்டார்கள்: மிக நுண்ணிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள், அவற்றில் முதன்மையானது 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தையால். பெயர் கரடுமுரடாக இருந்தாலும் இந்தச் சேர்மம் பலருக்கு முன்பே அறிமுகமானதுதான். நிறமில்லாத கண்ணாடிப் புட்டியில் பீரை வெயிலில் வைத்தால் அதில் எழும் கெட்ட வாடை இதே சேர்மம். ஹாப்பின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைக்கும்போது அது உருவாகிறது. ஹாப் செடியோ கஞ்சாவின் பங்காளி, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். வைராய்டும் அந்த வீட்டிலிருந்துதான் இந்த வீட்டுக்கு வந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஸ்கங்க் என்ற விலங்கு எதிரியின் மீது பீய்ச்சும் திரவத்தில் இருப்பவையும் இதன் நெருங்கிய உறவுக்காரக் கந்தகச் சேர்மங்களே. ஆக, அந்தப் பெயரை வைத்தவர் வேதியியல் படிக்காமலேயே சரியாக முகர்ந்திருக்கிறார்.

கதை இன்னும் முடியவில்லை. 2023இல் வெளியான அடுத்த ஆய்வு, விலை உயர்ந்த ரகங்களின் வாசனை வேறுபாட்டைத் தீர்மானிப்பவை டெர்பீன்கள் அல்லாத இத்தகைய சிறு சேர்மங்கள்தான் என்று காட்டியது. வெப்பமண்டலப் பழ மணம் வீசும் ரகங்களில் வேறொரு வகைக் கந்தகச் சேர்மங்கள் இருந்தன. சமையல் மணமோ ரசாயன நெடியோ தூக்கலான ரகங்களில் ஸ்கடோல் இருந்தது. ஸ்கடோல் என்பது மலத்தின் நாற்றத்திற்குக் காரணமானது. முகம் சுளிக்க வேண்டாம். அதன் உடன்பிறப்பான இண்டோல் மல்லிகையின் மணத்திலேயே இருக்கிறது. ஆய்வக அறிக்கையில் டெர்பீன் பட்டியல் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூக்கள், மூக்கருகே கொண்டுவந்தால் வேறு வேறாக மணப்பது இதனால்தான். உங்கள் வீட்டில் யாருக்கு மூக்கு கூர்மை என்பதைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். இந்த வேலைக்கு அவரே தகுதியானவர்.

வளர்ப்பில் இரண்டு மட்டும் சொல்கிறேன். முதலாவது, ரகத்தின் பூர்வீகம் காலத்தைத் தீர்மானிக்கிறது: ஆப்கானிய வழி வந்த செடிகள் பூக்கத் தொடங்கி இரண்டு மாதங்களில் முதிர்ந்துவிடும், வெப்பமண்டலத்தின் தாய்லாந்து வழிச் செடிகளோ மூன்று மாதங்களுக்கு மேலும் எடுத்துக்கொண்டு கூரையைத் தொட முயலும். சிறிய அறையில் இரண்டாவதை வளர்ப்பது ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாகிவிடும். இரவு பகல் அளவைப் பொருட்படுத்தாமல் வயதானதும் தானே பூக்கும் ரகங்கள் ரூடெராலிஸின் கொடை. எளிதானவை, ஆனால் அவற்றைப் போத்தாக வைத்துக் காக்க முடியாது, ஏனென்றால் ஒடித்த கிளைக்கும் தாயின் வயதுதான்.

[திரையில்: உருப்பெருக்கியின் வழியே பூவிதழ், குண்டூசித் தலைபோன்ற பிசின் சுரப்பிகள்]

இரண்டாவது, அறுவடை. 60 மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு சுரப்பியும் காம்பின் மேல் நிற்கும் கண்ணாடி உருண்டையாகத் தெரியும். முதலில் நீர்போலத் தெளிவாக இருக்கும், பிறகு பால்போல வெளுக்கும், கடைசியில் தேன் நிறத்துக்கு மாறத் தொடங்கும். பெரும்பாலோர் பால் நிறம் மிகுந்து தேன் நிறம் ஆங்காங்கே தெரியும்போது அறுக்கிறார்கள். அதன் பின் அவசரப்பட்டால் தேடிய வாசனையெல்லாம் காற்றோடு போய்விடும்: 1996இல் வெளியான ஓர் அளவீட்டில், அறை வெப்பநிலையில் ஒரு வாரம் உலர்த்தியதிலேயே நறுமண எண்ணெயில் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்தது. 2021 ஆய்வில் அந்தக் கந்தகச் சேர்மங்கள் பூப்பின் கடைசி வாரங்களில் ஏறி, பதப்படுத்தும்போது உச்சத்தைத் தொட்டு, சேமிப்பில் வைத்த ஒரு வாரத்திலேயே இறங்கிவிட்டன. எனவே குப்பியின் மேல் ரகப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குக் கீழே எந்தத் தாய்ச்செடி, எந்த நாளில் அறுத்தது என்ற இரண்டையும் எழுதி, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மணம் எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள்.