மூடியே இல்லாத பெட்டி: வளர்ப்பு எறும்புகள் ஏன் வெளியே வருவதில்லை?

[திரையில்: கண்ணாடிப் பெட்டியின் மேல் விளிம்பு, மிக அருகில்]

வணக்கம். இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மூடி கிடையாது. உள்ளே நூற்றுக்கணக்கான கட்டெறும்புகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூட வெளியே வரவில்லை. விளிம்பை ஒட்டி ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குப் பூசியிருக்கும் மங்கலான வெள்ளைப் பட்டைதான் அவற்றுக்கு எல்லை.

இதோ, ஒன்று ஏறி வருகிறது. பட்டையின் ஓரத்தில் நின்று உணர்கொம்புகளால் தடவிப் பார்க்கிறது. முன்னங்கால்கள் இரண்டையும் வைக்கிறது, இரண்டும் வழுக்குகின்றன. நடுக்கால்களை எட்டி வைக்கிறது, அவையும் வழுக்குகின்றன. பின்னங்கால்களில் ஒரு நொடி தொங்கிவிட்டு மல்லாந்து விழுகிறது. எழுந்து, கொம்புகளை முன்னங்கால்களால் இழுத்துத் துடைத்துக்கொண்டு, இரண்டு அங்குலம் தள்ளி மறுபடியும் ஏறுகிறது.

முசுறு எறும்பு வழவழப்பான கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கியபடி தன் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கக்கூடியது. அத்தகைய பிடிமானம் உள்ள உயிரினத்தை ஒரு மெல்லிய பூச்சு எப்படித் தோற்கடிக்கிறது என்பதே இந்த வீடியோவின் பொருள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலவிப் பறத்தல் முடிந்து சிறகுதிர்த்த ராணி ஒன்றை, ஒரு பகுதியில் நீரும் அதைத் தடுக்கும் பஞ்சும் வைத்த சோதனைக்குழாய்க்குள் விட்டு, வாயையும் பஞ்சால் அடைத்து இருட்டில் வைப்பார்கள். பல இனங்களின் ராணிகள் தம் பறக்கும் தசைகளைக் கரைத்தே முதல் வேலைக்கார எறும்புகளை வளர்த்துவிடும். கூட்டம் பெருகியதும், அந்தக் குழாயை இரை தேடும் திறந்த பெட்டியோடு இணைப்பார்கள். நம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எறும்பின் ஒவ்வொரு பாதத்திலும் இரண்டு நகங்கள் உண்டு. அவற்றின் நடுவே அரோலியம் என்னும் மெத்தை உண்டு. சொரசொரப்பான இடத்தில் நகம் மாட்டிக்கொள்கிறது. வழவழப்பான இடத்தில் மெத்தை விரிந்து, மிக மெல்லிய திரவப் படலத்தின் துணையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே நல்ல தடை இரண்டையும் ஒரே நேரத்தில் செயலிழக்கச் செய்ய வேண்டும். எறும்பு வளர்ப்போர் ஃபுளூவான் என்று சொல்வது அதைத்தான் செய்கிறது. 1938இல் வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்து, பிற்காலத்தில் ஒட்டாத வாணலிகளில் பூசப்பட்ட அதே பிடிஎஃப்இ, இங்கே நீரில் கலந்த பால்போன்ற திரவமாகக் கிடைக்கிறது. அது கிடைக்காதவர்கள் டால்கம் பவுடரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் குழைத்துப் பூசுவார்கள். ஆல்கஹால் ஆவியானபின் பவுடர் மட்டும் சுவரில் நிற்கும். எறும்பு கால் வைத்தால் துகள் பெயர்ந்து மெத்தையில் அப்பிக்கொள்ளும். அப்பிய காலால் எதையும் பற்ற முடியாது. (ஆல்கஹாலின் ஆவி தீப்பற்றக்கூடியது, சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பூசுங்கள்.)

இந்தப் பவுடர் உத்தி மனிதன் கண்டுபிடித்தது என்று நினைத்தால், நெப்பந்தஸ் என்னும் பூச்சியுண்ணும் செடியைப் பாருங்கள். எனக்கு இந்த விளக்கத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதன் இலைநுனி ஒரு கெண்டியாக வளர்கிறது. பல இனங்களில் அந்தக் கெண்டியின் உட்சுவரில் நுண்ணிய மெழுகுப் படிகங்கள் படிந்திருக்கின்றன. எறும்பு கால் வைத்ததும் படிகங்கள் உடைந்து மெத்தையில் ஒட்டிக்கொள்ள, அது கீழே உள்ள செரிமான நீரில் விழுகிறது. கெண்டியின் விளிம்போ, உலர்ந்திருக்கும்போது நடக்க விடுகிறது. மழையிலும் பனியிலும் நனைந்துவிட்டால், மேலே படியும் நீர்ப்படலம் மெத்தையைப் பரப்பில் பதியவிடாமல் தூக்கிவிடுகிறது. ஆனால் போர்னியோவில் நெப்பந்தஸ் பைகல்கராட்டா செடியில் குடியிருக்கும் கேம்பனோட்டஸ் ஷ்மிட்ஸி எறும்பு, அந்த நனைந்த விளிம்பில் இயல்பாக நடக்கிறது. செரிமான நீருக்குள் நீந்தி, விழுந்த பூச்சியை இழுத்து வந்து தின்கிறது. மக்கரங்கா மரங்களின் மெழுகுத் தண்டிலும் அப்படியே: மற்ற எறும்புகள் சறுக்கி விழ, அங்கு வாழும் கிரெமட்டோகாஸ்டர் எறும்புகள் சில ஓடித் திரிகின்றன. ஆகவே எந்தத் தடையையும் "எல்லா எறும்புக்கும் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் இனத்தைச் சில எறும்புகளோடு முதலில் சோதித்துப் பாருங்கள்.

நீர் அகழியும் பழைய வழிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆய்வாளர் ஜான் லப்பக் தம் கண்ணாடிக் கூடுகளைச் சுற்றி நீர் நிறுத்தி எறும்புகளை வளர்த்தார். ஒரு ராணி அவரிடம் ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்தது. ஆனால் நெருப்பெறும்புகளோ ஒன்றையொன்று பற்றித் தெப்பமாக மிதக்கும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஃபுளூவான் அதைவிட விரைவாகத் தேய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தாலும் அதன் வழுக்கல் குறைகிறது. எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால், தூசி படிந்தே பாலமாகிவிடும். சில எறும்புகள் ஒட்டும் பரப்பின்மேல் மண்துகள்களைக் கொண்டுவந்து பரப்பிப் பாதை போட்டுக்கொள்கின்றன. காற்றுத்துளை, குழாய் இணைப்பு, சுவரில் சாய்ந்த ஒரு காய்ந்த இலை என எல்லாமே வாசல்தான்.

இருந்தாலும், நான் கண்ட பெரிய வெளியேற்றத்துக்குத் தடை காரணமன்று. மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் நின்ற பட்டையை ஒரே இரவில் என் எறும்புகள் தாண்டிவிட்டன. காலையில் பெட்டிக்கு வெளியே ஓர் எறும்புச் சாரி. சில முட்டைகளையும் புழுக்களையும் கவ்வியபடி போய்க்கொண்டிருந்தன. குழாயை எடுத்துப் பார்த்தால், நீர் வற்றிப் பஞ்சு உலர்ந்து கிடந்தது. அவை தப்பவில்லை, ஈரமான வீட்டைத் தேடிப் போயின. பசியில்லாமல், ஈரமும் இருட்டும் அளவான இடமும் இருந்தால், விளிம்பில் அலைவது சில எறும்புகள் மட்டுமே. ஈரம் போய்விட்டால் கூட்டமே ஏறும், இரவு முழுவதும் சலிக்காமல் ஏறும், ஒரு கீறலையாவது கண்டுபிடிக்கும். அதனால் முதலில் பஞ்சைப் பாருங்கள், பிறகு பட்டையைப் பாருங்கள்.

ஏற்கெனவே வெளியேறிவிட்டிருந்தால் மருந்து அடிக்காதீர்கள். ராணியும் புழுக்களும் உள்ளேயே இருந்தால், நீர் நிரப்பிய புதிய குழாயை அருகில் வைத்து இருட்டாக்குங்கள். பெரும்பாலும் தாமே திரும்பி வந்துவிடும்.

வெளியூர் இனங்களை ஒருபோதும் திறந்தவெளியில் விடாதீர்கள். தென் அமெரிக்காவின் சிவப்பு நெருப்பெறும்பு 1930களில் அமெரிக்காவின் மொபைல் என்னும் துறைமுக நகரில் சரக்கோடு இறங்கியது. இன்று அந்நாட்டின் தென்பகுதி முழுவதும் பரவியிருக்கிறது.

கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் ஏறத்தாழ 29 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அத்தனை ஆண்டும் யாரோ அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இன்றிரவு உங்கள் பெட்டியின் பட்டை மீது டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கீறலோ தூசிக்கோடோ தெரிந்தால், பெட்டி காலியாக இருக்கும்போது பழையதைத் துடைத்துவிட்டு, திரவம் கீழே வழிந்து கோடு விழாதபடி பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மெல்லிய ஒரே பூச்சாகப் பூசுங்கள். உங்கள் எறும்பு எந்த இனம், எந்தத் தடையை அது தாண்டியது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.