பாவத்துல பங்கு

எல்லாருக்கும் வணக்கம். மழையிலயும் இத்தன பேர் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். இன்னைக்கு நான் பேசப் போறது ஒரே ஒரு டிவி சீரியலப் பத்தித்தான், 'தி சோப்ரானோஸ்'. 1999 ஜனவரில ஹெச்பிஓங்கிற அமெரிக்க டிவி சேனல்ல ஆரம்பிச்சு 2007 ஜூன்ல முடிஞ்சது, ஆறு சீசன், மொத்தம் 86 எபிசோட். நான் மூணு தடவ முழுசா பாத்திருக்கேன். மொத தடவ டோனி சோப்ரானோவ மட்டும்தான் பாத்தேன், அவன் அடுத்து யாரப் போடுவான், போலீஸ்ல எப்ப மாட்டுவான்னு அதுலயே மனசு போயிடுச்சு. மூணாவது தடவ பாக்கும்போதுதான் அவன் பொண்டாட்டி கார்மெலாவ உக்காந்து கவனிச்சேன், அதுக்கப்புறம் இது எனக்கு வேற கதையாவே ஆயிடுச்சு. அதச் சொல்லணும்னுதான் வந்தேன்.

பாக்காதவங்களுக்காகக் கொஞ்சம் கதை. அமெரிக்காவுல நியூ ஜெர்சி, நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலம், நடுவுல ஹட்சன் ஆறு. டோனி அங்க இருக்குற இத்தாலிய மாஃபியா கும்பல்ல பெரிய ஆளு, போகப் போகத் தலைவனாவும் ஆயிடறான். வெளிய யாராவது என்ன தொழில்னு கேட்டா குப்பை அள்ளுற கம்பெனிக்கு ஆலோசகர்னு சொல்லுவான். நார்த் கால்ட்வெல்ங்கிற ஊர்ல பெரிய வீடு, நீச்சல் குளம், காலேஜ் போகப் போற பொண்ணு மெடோ, சின்னப் பையன் ஏஜே. மொத எபிசோட்ல அந்தக் குளத்துக்கு வாத்து வந்து குஞ்சு பொரிக்குது. இந்த மனுஷன், ஆள அடிச்சுக் காச புடுங்குற மனுஷன், வீட்ல போட்டுக்குற நீள அங்கியோட தண்ணிக்குள்ள எறங்கி நின்னு தீனி போடுறான். பையன் பிறந்தநாள் அன்னைக்கு தோட்டத்துல கறி சுட்டுட்டு இருக்கும்போது வாத்தெல்லாம் பறந்து போயிடுது, இவன் அங்கயே மயங்கி விழுந்துடறான். ஒடம்புல ஒண்ணுமில்ல, மனசுலதான்னு சொல்லி டாக்டர் ஜெனிஃபர் மெல்ஃபிங்கிற மனநல டாக்டர்கிட்ட அனுப்புறாங்க. அந்த ரூம்ல ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து பேசுறதுதான் ஏழெட்டு வருஷம் ஓடுது.

இத உருவாக்குனவர் டேவிட் சேஸ், அவரும் நியூ ஜெர்சில வளந்த இத்தாலியக் குடும்பத்துப் பையன்தான். டோனியோட அம்மா லிவியா இருக்காளே, எதக் கொடுத்தாலும் குறை, எதச் சொன்னாலும் நான் செத்தா நிம்மதியான்னு கேக்குற அம்மா, அது தன்னோட சொந்த அம்மாவ வச்சு எழுதுனதுன்னு அவரே சொல்லியிருக்காரு. மொதல்ல ஃபாக்ஸ் சேனலுக்குத்தான் கொண்டு போனாரு, அவங்க வேணாம்னுட்டாங்க. டோனியா நடிச்ச ஜேம்ஸ் கண்டோல்ஃபினி 2013ல ரோம்ல, 51 வயசுல, செத்துப் போனாரு. அவர் மூக்கால மூச்சு விடுற சத்தத்த மட்டும் தனியா கேட்டுப் பாருங்க, கோவம் வருதா, பயமா, தூக்கம் வருதான்னு அந்த மூச்சே சொல்லிடும். காலைல அந்த அங்கியோட வாசல் வரைக்கும் நடந்து போய் பேப்பர் எடுப்பாரு பாருங்க, சாதாரண குடும்பஸ்தன் மாதிரியே இருக்கும், ஆனா கண்ணு மட்டும் தெருவ ஒரு சுத்து சுத்தி வரும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கதைல காசு எப்படி வருதுன்னு ரொம்பத் தெளிவா காட்டுறாங்க, அதுதான் மத்த கேங்ஸ்டர் கதைங்கள்ல கொறச்சலா இருக்கும். கீழ இருக்குறவன் வசூல் பண்ணி கவர்ல போட்டு மேல இருக்குறவன்கிட்ட குடுக்குறான், அவன் தன் பங்க எடுத்துட்டு அதுக்கு மேல குடுக்குறான், கடைசில எல்லா கவரும் டோனிகிட்ட வருது. வட்டிக் காசு, சூதாட்டக் காசு, பெரிய கட்டடம் கட்டுற எடத்துல வேலைக்கே வராதவன் பேருல சம்பளம். அப்புறம் கடைய 'காலி பண்றது'ன்னு ஒண்ணு இருக்கு, அத ரெண்டாவது சீசன்ல ஒரு ஆள வச்சே காட்டுறாங்க. டேவி ஸ்கட்டினோ, டோனியோட பால்ய சிநேகிதன், விளையாட்டுச் சாமான் கடை வச்சிருக்கான், சூதாட்டப் பைத்தியம். டோனி நடத்துற சீட்டாட்டத்துல உக்காந்து கடன் மேல கடன் வாங்குறான், திருப்பித் தர முடியல. உடனே டோனி ஆளுங்க கடைக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு, அந்தக் கடைக்கு மார்க்கெட்ல இருக்குற நல்ல பேர வச்சு, கிடைக்குற சரக்கெல்லாம் கடனுக்கு ஆர்டர் போட்டு வரவழைச்சு வெளிய வித்துடறாங்க. சரக்கு குடுத்தவனுக்கு காசு போகாது, கடை மஞ்சக் கடுதாசி குடுத்து மூடணும், டேவி நடுத்தெருவுல நிக்கணும். சிநேகிதன்தானேன்னு டோனி விட்டானா, விடல.

ஆனா என்ன உலுக்குனது அது இல்ல. டேவிகிட்ட காசு இல்லாததால அவன் பையன் எரிக் ஓட்டுற காரையே டோனி எடுத்துட்டு வந்து தன் பொண்ணு மெடோவுக்குப் பரிசா குடுக்குறான். மெடோவும் எரிக்கும் ஒரே ஸ்கூல், ஸ்கூல் கலைநிகழ்ச்சில சேந்து பாடப் போறவங்க. அவளுக்கு காரப் பாத்ததுமே யாரோடதுன்னு தெரிஞ்சு போச்சு, வேணாம்னு அழுதுட்டுக் கத்துறா. அப்ப டோனிக்கு வர்ற கோவம் இருக்கே, இந்த வீட்ல இருக்குற ஒவ்வொண்ணும் என் தொழில்ல இருந்து வந்ததுதான், இது மட்டும் உனக்கு ஆகாதாங்கிற மாதிரி பேசுறான். அவன் சொல்றது உண்மை. அவ படிக்கிற படிப்பு, போட்டிருக்குற செருப்பு வரைக்கும் யாரோ ஒரு டேவி வீட்டு காசுதான், இது ஒண்ணுலதான் பறிகொடுத்தவன் முகம் தெரிஞ்சு போச்சு. நிகழ்ச்சி நடக்குற ராத்திரி எரிக் மேடை ஏற மாட்டேன்னு போயிடறான், அதனால மெடோவுக்குத் தனியா பாடுற வாய்ப்பு கிடைக்குது, அம்மாக்காரி கார்மெலாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பொண்ணு தனியா பாடுறா! அந்தப் பூரிப்பத்தான் நான் மூணாவது தடவைல பாத்தேன்.

நமக்கெல்லாம் தெரிஞ்ச வால்மீகி கதை ஞாபகம் வந்துச்சு. வழிப்பறி பண்ணிக்கிட்டு இருந்தவன்கிட்ட முனிவர் கேக்குறாரு, நீ கொண்டு போற காசுல சாப்பிடுறாங்களே உன் பொண்டாட்டி புள்ளைங்க, உன் பாவத்துலயும் பங்கு எடுத்துக்குவாங்களா, போய்க் கேட்டுட்டு வாடான்னு. அவன் ஓடிப்போய்க் கேக்குறான், எங்களக் காப்பாத்துறது உன் கடமை, பாவம் உன்னோடதுன்னு சொல்லிடறாங்க. அங்க அவன் மனசு ஒடஞ்சு மாறுறான். சோப்ரானோ வீட்ல என்ன வித்தியாசம்னா டோனி அந்தக் கேள்விய வீட்ல யார்கிட்டயும் கேக்கவே மாட்டான், வீட்ல இருக்குறவங்களும் கேக்க விடாம பாத்துக்குவாங்க. மெடோ மட்டும் ஒருதடவ கேட்டா, மொத சீசன் அஞ்சாவது எபிசோட். அப்பாவும் பொண்ணும் மெய்ன் மாநிலத்துல காலேஜ் பாக்கப் போறாங்க, கார்ல போகும்போது நீங்க மாஃபியாவாப்பான்னு நேராவே கேட்டுடறா. மொதல்ல மறுக்குறான், அப்புறம் கொஞ்சம் ஒத்துக்குறான், கொஞ்சம் காசு அந்த மாதிரி வருதுன்னு. அதே பயணத்துல, பொண்ண காலேஜ் இன்டர்வியூவுக்கு விட்டுட்டு, பழைய காட்டிக்கொடுத்தவன் ஒருத்தனத் தேடிக் கண்டுபிடிச்சு கம்பியால கழுத்த நெரிச்சுக் கொல்றான். டிவில கதாநாயகனே இப்படி ஒருத்தன நிதானமா கொன்னா ஜனங்க வெறுத்துடுவாங்கன்னு சேனல்காரங்க பயந்தாங்க, சேஸ் விட்டுக் குடுக்கல. அந்த எபிசோட் எழுதுனதுக்கு 1999ல டிவிக்குன்னு குடுக்குற எம்மி விருது கிடைச்சுது.

இப்ப கார்மெலா. ஈடி ஃபால்கோ நடிச்சிருக்காங்க, எனக்கு இந்த சீரியல்ல முதல் மரியாதை அவங்களுக்குத்தான். மூணாவது சீசன்ல கார்மெலா மனசு தாங்காம டாக்டர் க்ராகவர்னு ஒரு வயசான டாக்டர்கிட்ட தனியா போறா. புருஷன் நல்லவர்தான், நல்ல அப்பாதான்னு சொல்றா. பெரியவர் அவ சொன்னதையே திருப்பிச் சொல்றாரு, குத்தம் பண்றவன், கோவக்காரன், ஊர் மேயுறவன், இதுதான் உன் கணக்குல நல்லவனான்னு. நீயும் கூட்டாளிதான்னு சொல்லிடறாரு. இவ பதறுறா, நான் என்ன பண்ணேன், அலமாரில துவைச்ச துணி இருக்கான்னு பாக்குறேன், மேசைல சாப்பாடு இருக்கான்னு பாக்குறேன், அவ்வளவுதானேன்னு. எனக்கு அந்த எடத்துல ஒடம்பு சிலுத்துருச்சு, ஏன்னா எத்தனையோ பேர் சொல்ற பதில் அது, பொம்பளைங்க மட்டும் இல்ல, கணக்கு எழுதுறவன், கார் ஓட்டுறவன், கையெழுத்து போடுறவன், எல்லாரும் சொல்றது. பெரியவர், புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கிளம்பிடும்மா, அந்தக் காச தொடாதன்னு சொல்றாரு, அவகிட்ட ஃபீஸ் கூட வாங்க மாட்டேங்குறாரு. உனக்கு யாரும் சொல்லலன்னு மட்டும் இனிமே நீ சொல்ல முடியாதுங்கிறாரு. கார்மெலா ஒத்துக்குறா, நீங்க சொல்றது சரின்னு.

வீட்டுக்கு வந்து சோபால போத்திக்கிட்டுப் படுத்திருக்கா. டோனி வர்றான். விட்டுட்டுப் போகப் போறாளா? மெடோ படிக்கிற காலேஜுக்கு 50,000 டாலர் நன்கொடை குடுக்கணும், அவ்வளவுதான் கேக்குறா. அவன் அதுக்கு முன்னாடி 5,000 தர்றேன்னவன், இப்ப சரின்னுடறான். காசு வேணாம்னு சொன்ன டாக்டர்கிட்ட இருந்து வந்தவ, அதே காசக் கேட்டு வாங்கி ஒரு கவுரவமான எடத்துக்கு அனுப்புறா. தப்ப விட முடியல, ஆனா அந்தக் காசு நல்லதுக்குப் போனா மனசு ஆறும்னு நெனக்கிறா. எனக்கு அவ மேல கோவம் வரல, பாவமாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், நாலாவது சீசன்ல வர்றது, சின்ன விஷயம்தான். துணி துவைக்கும்போது டோனி துணில ஒரு ஒட்டு நகம் கிடைக்குது, வேற ஒருத்தியோடது. கத்தல, சண்ட போடல. தோட்டத்துல பறவைத் தீவனம் வைக்குற டப்பாவுக்குள்ள அவன் பணத்தக் கட்டுக்கட்டா ஒளிச்சு வச்சிருப்பான், நேரா போய் அதுல இருந்து எடுக்குறா. அமெரிக்காவுல 10,000 டாலருக்கு மேல ரொக்கமா கொண்டு போனா அரசாங்கத்துக்குத் தகவல் போயிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு வேற வேற கம்பெனில தன் பேர்ல முதலீடு பண்ணிடறா. அந்த நகத்த எடுத்து அவன் படுக்கைப் பக்கத்துல வச்சுடறா. அவன் வந்து நகத்தப் பாக்குறான், பணம் கொறஞ்சதையும் பாக்குறான், ரெண்டு பேரும் வாயத் திறக்கல. மொத எபிசோட்ல வாத்துக்குத் தீனி போட்டவனோட வீட்ல தீவன டப்பா இப்படி ஆயிடுச்சுன்னு எனக்குத் தோணுச்சு. அந்தக் குடும்பத்துல அன்பு, துரோகம், மன்னிப்பு எல்லாத்துக்கும் ரசீது அந்த டப்பாவுலதான் இருக்கு.

டாக்டர் மெல்ஃபியப் பத்திச் சொல்லாம விட்டா அநியாயம். மூணாவது சீசன்ல ஒருத்தன் அவங்கள பலாத்காரம் பண்ணிடறான், போலீஸ் பண்ண கோளாறுல அவன் வெளிய வந்துடறான். டோனிகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவன் கதை முடிஞ்சுடும், அது அவங்களுக்கும் தெரியும். டோனி என்ன ஆச்சு, ஏதாவது சொல்லணுமான்னு கேக்குறான், அவங்க ஒரே வார்த்தைல இல்லன்னு சொல்லிடறாங்க, எபிசோட் அதோட முடியுது. லொரெய்ன் பிராக்கோ நடிச்சது, அவங்களத்தான் மொதல்ல கார்மெலாவா நடிக்கக் கூப்பிட்டாங்க, கேங்ஸ்டர் பொண்டாட்டி வேஷம் ஏற்கனவே பண்ணியாச்சு, டாக்டர்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. மொத்தக் கதைலயும் டோனி கையால வர்ற ஒரு நன்மைய வேணாம்னு நின்ன வெகு சிலர்ல ஒருத்தங்க இந்த டாக்டர்.

கார்மெலாவுக்கும் அப்படி ஒரு வாசல் தொறந்துச்சு. டோனிக்கு மகன் மாதிரி இருக்குற கிறிஸ்டஃபர், அவன் கட்டிக்கப் போற பொண்ணு ஏட்ரியானா, வெள்ளந்தி. எஃப்பிஐ, அதாவது அமெரிக்க மத்திய புலனாய்வுக்காரங்க, அவள மிரட்டித் தகவல் சொல்ல வச்சிருந்தாங்க, அது தெரிஞ்சதும் கிறிஸ்டஃபர் தற்கொலைக்கு முயற்சி பண்ணிட்டான்னு பொய் சொல்லி டோனி ஆளுங்க அவள கார்ல கூட்டிட்டுப் போய் காட்டுல வச்சு சுட்டுடறாங்க. வீட்ல எல்லாருக்கும் சொல்றது, அவ ஓடிப் போயிட்டான்னு. கார்மெலாவுக்கு நம்பிக்கையில்ல. பாரிசுக்குப் போனா அங்க கனவுல வர்றா ஏட்ரியானா. திரும்பி வந்ததும் டிடெக்டிவ் வச்சு அந்தப் பொண்ணத் தேடணும்னு நிக்கிறா. அந்த நேரத்துல கார்மெலா தன் பேர்ல ஒரு வீடு கட்டிக்கிட்டு இருக்கா, விக்கிறதுக்காக, தன் சொந்தத் தொழில்னு. போட்ட மரம் மட்டமானது, அதனால ஆய்வு பண்ற ஆபிசர் வேலைய நிறுத்தி வச்சிருக்காரு, ஆபிசர்கிட்ட பேசுங்கன்னு எத்தனையோ நாளா டோனிய நச்சரிச்சா, அவன் காதுலயே போட்டுக்கல. ஏட்ரியானாவத் தேடப் போறான்னதும் உடனே ஆள் அனுப்பி ஆபிசர வழிக்குக் கொண்டு வந்துடறான். வேலை ஆரம்பிச்சுடுது. கார்மெலாவுக்கு இப்ப வரைபடம், கூலி, சரக்குன்னு தலைக்கு மேல வேல. ஏட்ரியானா பேச்சு நின்னு போச்சு. பின்னாடி அந்த வீட்ட நல்ல லாபத்துக்கு சொந்தக்காரப் பையனுக்கே வித்துடறா, அவன் பொண்டாட்டி அப்ப மாசமா இருக்கா.

ஏட்ரியானா பேச்சு நின்ன அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மரம் ஜோடிச்சு, நெருப்பு மூட்டி, வீடு நெறைய ஜனம். ஏஜேவோட சிநேகிதி புதுசா வந்திருக்கா, சுத்திப் பாத்துட்டு உங்க வீடு ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றா. கார்மெலா, தேங்க்ஸ், ஆமா, அழகாத்தான் இருக்குங்கிறா.