வேரைத் தோண்டாத வெட்டிவேர்

நேயர்களுக்கு வணக்கம். வெட்டிவேர் என்றதும் பானைத் தண்ணீரில் போடும் வேர்க்கட்டும், வெயில் காலத்து ஜன்னல் தட்டியும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது, அந்த வேரைத் தோண்டவே கூடாத இடங்களைப் பற்றி: ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்வான புல்தரை.

கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் வேருக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். மணலில் வேர் அறாமல் வரும். ஈரக் களிமண்ணில் பாதி அறுந்து உள்ளேயே நின்றுவிடும், கூலிகூடக் கட்டாது. அதனால் ஈர நிலத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்த நடுபவர்கள், வேரிலிருந்து எடுக்கும் எண்ணெய், விலை என்ற கணக்கையே விட்டுவிடுங்கள். கரையில் நட்டு, வளர்ந்த பிறகு வேருக்காகப் பறித்தால் கரையைத்தான் பறிக்கிறோம்.

இது நம் மண்ணின் புல். ஆற்றோரச் சதுப்பில் தானாகத் தூர்கட்டி நிற்பது. வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழே இறங்கும். மண் வாகாக இருந்தால் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் வரை போகும். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடத்தில் அவ்வளவு ஆழம் எதிர்பார்க்காதீர்கள். வண்டல் வந்து மூடினாலும், புதைந்த கணுவில் புது வேர் விட்டு மேலேறிக்கொள்ளும். தென்னிந்திய வகை முளைக்கும் விதை வைப்பது அரிது என்பதால், பக்கத்து வயலில் களையாகுமோ என்ற பயம் வேண்டாம்.

விதை கிடையாதென்றால் தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். இரண்டு மூன்று சிம்பாக (தூரில் கிளைக்கும் தண்டாக)ப் பிரித்து, தழையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரையும் குட்டையாக நறுக்கி, கரைச் சரிவுக்குக் குறுக்காக 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நடுங்கள். வேலி போல நெருங்கினால்தான் மண் தங்கும். ஏரி நிரம்புவதற்கு முன்பே, ஆவணி, புரட்டாசியில் நட்டால் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். பிடித்த தூர் வெள்ளத்தில் நின்றாலும் தாங்கும். நட்ட புதிதில் மூழ்கினால் போச்சு.

வெள்ளத்தைவிட இதற்கு நிழல்தான் பெரிய எதிரி. கருவேல மரத்தடியில் நட்டுவிட்டு நாற்றைக் குறை சொல்கிறவர்கள் உண்டு! முதல் சில மாதம் களை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செத்த இடத்தில் உடனே மறுநடவு செய்யுங்கள். நாலைந்து மாதம் கழித்து முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பக்கச் சிம்பு வெடிக்கும். வெட்டிய தழையில் இளசை மாட்டுக்குப் போடலாம். முற்றியதை மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்பலாம்.