டிஸ்க் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தால்

வணக்கம் நேயர்களே. கிளவுட் சர்வர்களை, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கடல் போன்ற விஷயம். அதில் டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால், சர்வர் வாங்கும்போது யாரும் யோசிக்காமல் ஓர் எண்ணைப் போடும் இடம் அதுதான். ‘எதற்கும் இருக்கட்டும், ஐந்நூறு ஜிபி போடு’ என்பார்கள். அந்த ‘எதற்கும்’ என்ற பயத்துக்குத்தான் மாதாமாதம் பில் வருகிறது.

எல்லா நிறுவனங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான் என்றாலும், எனக்குப் பழக்கமான அமேசானை வைத்தே சொல்கிறேன். அமேசான் 2006இல் சர்வரை வாடகைக்கு விடத் தொடங்கியபோது, நிலைத்து நிற்கும் டிஸ்க் கிடையாது. சர்வரை அழித்தால் அதிலிருந்த கோப்புகளும் போய்விடும். 2008 ஆகஸ்ட்டில்தான் இபிஎஸ் என்ற பெயரில் தனி வால்யூம், அதாவது சர்வரோடு அழியாமல் தனியாக நிற்கும் டிஸ்க், வந்தது. அது உங்கள் சர்வர் பெட்டிக்குள் இல்லை. அதே டேட்டா சென்டர் வட்டாரத்தில் வேறெங்கோ இருந்துகொண்டு, நெட்வொர்க் வழியாக உங்கள் சர்வரோடு பேசுகிறது. அதனால்தான் ஒரு சர்வரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட முடிகிறது. ஆனால் இரண்டும் ஒரே மண்டலத்தில், அதாவது ஒரே அவைலபிலிட்டி ஸோனில் இருக்க வேண்டும். மும்பையிலேயே இருந்தாலும் வேறு ஸோன் என்றால் மாட்டாது. ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல் ஒன்றை எடுத்து, அதிலிருந்து அந்த ஸோனில் புது வால்யூம் உண்டாக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, இரவு ஒரு மணிக்கு டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அலாரம் வருகிறது. 2017இலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே வால்யூமைப் பெரிதாக்கலாம். கன்சோலில், அதாவது அமேசானின் நிர்வாகப் பக்கத்தில் போய் இருபது ஜிபியை நாற்பது ஆக்குகிறீர்கள். திரும்பி வந்து, டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால், இன்னும் இருபதுதான் காட்டுகிறது! புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இங்கேதான் பதறிப்போய் சர்வரை ரீபூட் செய்வார்கள். பக்கத்து நிலத்தை வாங்கியாயிற்று, வேலியை நகர்த்தவில்லை, உழவும் இல்லை. நிலைமை அவ்வளவுதான். எல்எஸ்பிஎல்கே என்று தட்டிப் பாருங்கள். டிஸ்க் நாற்பது என்றும், அதற்குள் பிரித்து வைத்த பகுதியான பார்ட்டிஷன் இருபது என்றும் தெரியும். முதலில் குரோபார்ட் கட்டளையால் பார்ட்டிஷனை நீட்ட வேண்டும். டிஸ்க்கின் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட வேண்டும். அதை விடாமல் தட்டிவிட்டு, கட்டளையே வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பை நீட்ட வேண்டும். உபுண்டுவில் பெரும்பாலும் எக்ஸ்ட் ஃபோர் இருக்கும், அதற்கு ரீசைஸ் டூ எஃப்எஸ். அமேசான் லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் இருக்கும், அதற்கு எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ். மாற்றிக் கொடுத்தால் ‘பேட் மேஜிக் நம்பர்’ என்று கலவரப்படுத்தும் ஒரு பதில் வரும். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கருவிதான் தவறு.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ரூட் டிஸ்க், அதாவது சர்வரின் இயங்குதளம் இருக்கும் டிஸ்க், ஒரு பைட் கூட மிச்சமில்லாமல் நிறைந்திருந்தால், குரோபார்ட்டே ஓடாது. அதற்குத் தற்காலிகக் கோப்புகள் போடும் டெம்ப் அடைவில் கொஞ்சம் இடம் வேண்டும். இடம் உண்டாக்கப் போனால் இடமில்லை என்கிறது. அப்போது டெம்ப் அடைவின் மேல் தற்காலிகமாக மெமரியிலிருந்து சில எம்பியை மவுன்ட் செய்துவிட்டு ஓட்டினால் ஓடிவிடும்.

பெரிதாக்கும் முன் ஒரு நிமிடம் நின்று, எது நிறைந்தது என்று பாருங்கள் என்றும் சொல்வேன். பல நேரம் அது வெறும் லாக், அதாவது புரோகிராம்கள் எழுதிக்கொண்டே போகும் நடப்புக் குறிப்பு. பெரிய லாக் கோப்பை அழித்துவிட்டேன், இடம் வரவே இல்லை என்பார்கள். அந்தக் கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்தப் புரோகிராமை மறுபடி தொடங்கினால்தான் இடம் திரும்பும்.

ஏன் இவ்வளவு பார்க்கச் சொல்கிறேன் என்றால், வால்யூமைக் கூட்டலாம், குறைக்க முடியாது. அந்தப் பொத்தானே கிடையாது. எக்ஸ்எஃப்எஸ்ஸும் சுருங்காது. ஐந்நூறைத் திரும்ப நூறாக்க, புதிதாக நூறு ஜிபி வால்யூம் உண்டாக்கி, எல்லாவற்றையும் நகலெடுத்து மாற்ற வேண்டும். கூட்டுவது ஐந்து நிமிட வேலை, குறைப்பதற்கு ஒரு வார இறுதியே போய்விடும். அப்படியிருக்க, முதலிலேயே பெரிதாக வாங்குவதில் என்ன அர்த்தம்?

ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஜிபி2 (gp2, இது அளவைச் சொல்லும் ஜிபி அல்ல) என்ற பழைய வகை வால்யூமில் வேகம் அளவோடு சேர்ந்து வரும். ஒரு ஜிபிக்கு நொடிக்கு மூன்று முறை படிக்க எழுதலாம். மூவாயிரம் நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆயிரம் ஜிபி வாங்க வேண்டும். நூறு ஜிபி வாங்கியவருக்கு முந்நூறுதான் சொந்தம். சேமித்து வைத்த கிரெடிட், அதாவது கூடுதல் வேகத்துக்கான இருப்பு, இருக்கும்வரை மூவாயிரத்தில் ஓடும். முழு வேகத்தில் ஓட்டினால் அது அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காலையில் பறந்த டேட்டாபேஸ் பதினொரு மணிக்கு மேல் நொண்டும், சிபியு மட்டும் சும்மா இருக்கும். கோடிங் சரியில்லை என்று டெவலப்பரைத் திட்டுவார்கள், பாவம். 2020 டிசம்பரில் ஜிபி3 வந்தது. அளவு எதுவானாலும் அடிப்படையே மூவாயிரம், விலையும் ஜிபிக்கு இருபது சதவீதம் வரை குறைவு. ஓடும் சர்வரை நிறுத்தாமலே வகையை மாற்றிக்கொள்ளலாம். இருந்தும் பழைய ஜிபி2 இன்னும் எத்தனையோ கணக்குகளில் கிடக்கிறது. பழைய டெம்ப்ளேட்டை அப்படியே நகலெடுத்துப் போடும் பழக்கம்தான் காரணம்.

அனாதை வால்யூம்களும் அப்படித்தான். சர்வரை அழித்தால் ரூட் வால்யூம் கூடவே போய்விடும். பின்னால் நீங்கள் மாட்டிய வால்யூம், வேறு எதுவும் சொல்லி வைக்காவிட்டால், அப்படியே நிற்கும், பில்லும் ஓடும். சர்வரை நிறுத்தி வைத்தாலும் டிஸ்க்குக்குக் காசு உண்டு. கன்சோலில் ‘அவைலபிள்’ என்று தேடிப் பாருங்கள், எதிலும் மாட்டாத வால்யூம்கள் வரிசையாக வரும். அழிக்க யாருக்கும் துணிச்சல் இருக்காது, யாருடையது என்றே தெரியாதே! உண்டாக்கும்போதே யாருடையது, எதற்கு என்று டேகில் எழுதி வைத்தால் போதும். இப்போதைக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு வால்யூமை அழித்துவிடுங்கள்.

‘அமேசானே இரண்டு பிரதி வைத்திருக்குமே, பேக்கப் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு 2011 ஏப்ரல் 21ஐச் சொல்வேன். அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் நெட்வொர்க் திறனைக் கூட்டும் வேலை நடந்தது. போக்குவரத்தைத் தவறுதலாகச் சின்ன நெட்வொர்க்கில் திருப்பிவிட்டார்கள். வால்யூம்கள் தங்கள் இரட்டைப் பிரதியோடு தொடர்பை இழந்தன. நெட்வொர்க் திரும்பியதும் எல்லாம் ஒரே நேரத்தில் புதுப் பிரதி வைக்க இடம் தேடின, இருந்த இடம் தீர்ந்தது. அந்த ஸோனில் சுமார் 13 சதவீத வால்யூம்கள் ஸ்தம்பித்தன. ரெடிட், குவோரா எல்லாம் முடங்கின. கடைசியில் 0.07 சதவீத வால்யூம்களைச் சரியாக மீட்கவே முடியவில்லை. இன்றைக்கும் ஜிபி3க்கு அவர்களே சொல்லும் கணக்கு, ஆயிரம் வால்யூம் ஒரு வருடம் ஓடினால் அதிகபட்சம் இரண்டு போகலாம் என்பதுதான்.

ஸ்னாப்ஷாட் எடுத்தால் முதல் முறைதான் முழுதாக. அப்புறம் மாறிய பகுதி மட்டும்தான், அதனால் தினம் எடுத்தாலும் செலவு பெரிதாகாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கன்சோலுக்குள் 2014 ஜூனில் ஒருவன் புகுந்து, பணம் கேட்டு மிரட்டினான். அவர்கள் கணக்கை மீட்க முயன்றதும் ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும், வால்யூம்கள் சிலவற்றையும் அழித்தான். நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லில் ஒரு பிரதி இருந்திருந்தால் கதை வேறு.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்பதை ஒரு முறையாவது செய்து பாருங்கள். மீட்ட வால்யூம் உடனே மாட்டிக்கொள்ளும், ஆனால் மந்தமாக இருக்கும். ஒவ்வொரு பகுதியும் முதல் முறை படிக்கும்போதுதான் ஸ்னாப்ஷாட்டிலிருந்து இறங்கி வரும். டிடி கட்டளையால் டிஸ்க் முழுவதையும் ஒரு தடவை படிக்கவிட்டு, அதன் பிறகு வாடிக்கையாளர்களை உள்ளே விடுங்கள். சர்வர் தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வால்யூமை டிஸ்க் பெயரால் அல்ல, அதற்கே உரிய அடையாளமான யுயுஐடியால் எழுதுங்கள். பெயர் ரீபூட்டில் மாறக்கூடும். கூடவே ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், ஒரு நாள் அந்த வால்யூமைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்யும்போது சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுகொள்ளும், நீங்கள் தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் இணைப்பில் உள்ளே போகவும் முடியாது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.