மைனஸ் 50 டிகிரியில் மாட்டுக்கு ஏன் பிரா?

[திரையில்: பனிக்காட்டுப் பாதையில் தண்ணீர் குடிக்கப் போகும் பசுக்கள். மடியில் ரோமத் தோல் உறை.]

வணக்கம். இது கிராபிக்ஸ் இல்லை. மாட்டின் மடியைச் சுற்றி ரோமத் தோலில் தைத்த உறை, முதுகோடு வார் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆமாம், பிராவேதான். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

இடம், ரஷ்யாவின் சைபீரியாவில் யாக்கூத்தியா. அங்கே ஓய்மியாகோன் என்று ஓர் ஊர். 1933 பிப்ரவரியில் மைனஸ் 67.7 டிகிரி பதிவான ஊர். நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. அந்த ஊர்க்காரரை அதற்குள் உட்கார வைத்தால் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறி கேட்பார். வரலாறு வேண்டுமா? யாக்கூத்தியாவில் வாழும் சகா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கிலிருந்து மாட்டையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு வந்து குடியேறினார்கள். சரி, வரலாறு முடிந்தது.

உடம்பெல்லாம் விட்டுவிட்டு மடிக்கு மட்டும் ஏன் உறை? காம்பில் தோல் மெல்லியது, முடி கிடையாது. பால் கறந்ததும் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு வெளியே போனால் காம்பு உறைந்து வெடிக்கும், அந்தப் புண் வழியாக மடிநோய் வரும். அதனால்தான் குளிர்நாடுகளில் கறந்த பிறகு காம்பைத் துடைத்துக் காய வைக்காமல் மாட்டை வெளியே விடமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், யாக்கூத்திய நாட்டு மாட்டுக்கு இயற்கையே பாதி பிராவைத் தைத்துக் கொடுத்திருக்கிறது. அதன் மடியிலேயே அடர்ந்த முடி! சின்ன மாடுதான், உயரம் சுமார் 110 சென்டிமீட்டர். பால் குறைவு, ஆனால் கொழுப்பு அதிகம். பால் போதவில்லை என்று சோவியத் காலத்தில் வேறு இனங்களோடு கலந்துகலந்து, இந்த இனத்தையே கிட்டத்தட்ட அழித்துவிட்டார்கள். லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து நாட்டு மாட்டைக் கைவிட்ட கதை நமக்கும் புதிதில்லை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மாடு ஒரு அடுப்பு!

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையே 150, 200 லிட்டர் பிடிக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் இருக்கிறதே, அந்த அளவு. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வைக்கோலைப் புளிக்க வைத்துக்கொண்டே இருக்கின்றன. இட்லி மாவு மாதிரிதான். ஒரே வித்தியாசம், மார்கழியில் நம் மாவு பொங்காது, போர்வை சுற்றினாலும் அடம் பிடிக்கும். மாட்டின் பாத்திரமோ வருடம் முழுக்க 39 டிகிரியை ஒட்டியே இருக்கும். புளிக்கும்போது சூடு கிளம்புகிறது. நார் அதிகமுள்ள உலர்புல் கொடுத்தால் தானியத்தைவிட இந்தச் சூடு அதிகம். அதனால் கடுங்குளிர் வரும்போது தவிட்டையும் தானியத்தையும் அள்ளிக் கொட்டுவதைவிட, நல்ல உலர்புல்லைக் கூட்டுவதுதான் புத்திசாலித்தனம். தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் சூடு உச்சத்துக்கு வரும். ஆகவே சாயங்காலம் தீனி போட்டால் நடுராத்திரியில், குளிர் உச்சத்தில் இருக்கும்போது, அடுப்பு நன்றாக எரியும். கரண்ட் பில் இல்லாத ஹீட்டர். இந்த ஒரு விஷயத்துக்காகவே லைக் போடலாம், போட்டுவிடுங்கள்.

அடுப்பு இருந்தால் போதுமா? கதவும் வேண்டும். அதுதான் ரோமம். முதுகில் பனி உருகாமல் கிடக்கிற மாட்டைப் பார்த்து ஐயோ பாவம் என்பீர்கள். பாவமில்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். குளிர்கால ரோமம் நன்றாக வளர்ந்து காய்ந்திருந்தால், சுமார் மைனஸ் 8 டிகிரி வரை மாடு கூடுதல் தீனி கேட்காது. அதே ரோமம் நனைந்துவிட்டால்? பிளஸ் 15 டிகிரியிலேயே குளிரத் தொடங்கிவிடும். எண்ணைத் திரும்பக் கேளுங்கள், பிளஸ் 15. நமக்கு அது ஊட்டி டூர் வெயில்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 2013 அக்டோபர் தொடக்கத்தில் இதுதான் நடந்தது. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் முதலில் மழை, அப்புறம் பனி, கூடவே பேய்க்காற்று. மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் வளரவில்லை. மேய்ச்சல் நிலத்தில் பல்லாயிரம் மாடுகள் செத்தன. மைனஸ் 50-ஐத் தாங்கும் மாடு ஒரு மூலையில், பூஜ்யத்தில் சாகும் மாடு இன்னொரு மூலையில். நடுவில் இருப்பது ஈரமும் காற்றும்.

அதனால் கொட்டகையை இழுத்து மூடுவதும் தப்பு. மூச்சும் மூத்திரமும் ஆவியாகிக் கூரையில் படிந்து, மாட்டின் மேலேயே சொட்டும். நுரையீரல் நோயும் வரும். சகா மக்கள் மரக்கட்டையில் தொழுவம் கட்டி, சுவருக்குச் சாணம் பூசுவார்கள். பெயர் 'ஹோதோன்'. கீழே காய்ந்த படுக்கை, காற்று வரும் திசையில் தடுப்பு, மேலே ஆவி போக வழி. இதில் படுக்கைக்குத்தான் என் ஓட்டு. ஈர வைக்கோலில் படுத்த மாட்டுக்கு ரோமம் இருந்தும் பயனில்லை.

தண்ணீர் உறைந்தால் மாடு குடிக்காது, குடிக்காத மாடு தின்னாது, அடுப்பு அணையும். ஓய்மியாகோன் என்ற பெயரை 'உறையாத நீர்' என்று பொருள் சொல்வார்கள், ஊர் அங்கே அமைந்த காரணம் புரிகிறதா?

கன்றுக்குட்டிக்குத் தனி வீடியோவே போட வேண்டும். பிறந்ததும் நனைந்திருக்கும், வயிற்று அடுப்பும் இன்னும் பற்றவில்லை. உடனே துடைத்துக் காய வைத்து, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் முதலில் உறைவது காது நுனியும் வால் நுனியும். பிறகு அவை கருகி உதிர்ந்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் காது குட்டையான மாட்டைப் பார்த்தால், அது எந்த மாதிரி ராத்திரியில் பிறந்தது என்று பண்ணைக்காரர் கேட்காமலே சொல்லிவிடுவார்.